விரிவுரைப் படவில்லைகளும் இணையதள வெளியீடும்

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் விரிவுரை நிகழ்த்துவோர் இந்நாளில் பெரும்பாலும் கணினியில் ஆக்கிய படவில்லைகளைத் திரையில் காட்டியே பாடம் சொல்லுகின்றனர். வகுப்பு முடிந்த பின்னர், மாணவர் வேண்டுகோளுக்கு இணங்கியோ, தம் உழைப்பு ஒரு வகுப்பறையோடு முடிந்துவிடலாகாது என்னும் எண்ணத்தாலோ, அவற்றைத் தம் சொந்த இணையதளத்தில் வைத்துவிடுகின்றனர். இவ்வழக்கம் நல்லதே; யாமும் இதனைப் பல ஆண்டுகளாக மேற்கொண்டுள்ளோம். ஆயினும், வகுப்பில் திரையில் தோன்றும் படவில்லையும் இணையதளத்தில் தனித்துக் கிடக்கும் படவில்லையும் ஒரே பொருள் அல்ல என்பதனை யாம் காலந்தாழ்த்தே உணர்ந்தோம். அவ்வுணர்வு எமக்கு ஒரு பிழையின் வாயிலாக வந்தது. அப்பிழை இன்னது என்பதனையும், அதன்பின் யாம் கைக்கொண்ட முறைகளையும், தமிழ் எழுத்துக்குச் சிறப்பாக உரிய சில இடர்ப்பாடுகளையும் எடுத்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். மாணவர் 'பி.பி.டி.' என்பதும், ஆசிரியர் 'ஸ்லைடு' என்பதும், நூல்களில் 'படவில்லை' என்றும் 'நழுவம்' என்றும் எழுதப்படுவதும் ஒன்றே. ஆங்கிலச் சொல் நழுவுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. டச்சு அறிஞர் கிறித்தியான் ஹைகன்சு 1659 அளவில் அமைத்த படவிளக்கின் வழிவந்த கருவிகளில், ஓவியம் தீட்டிய கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக நழுவச்செய்து சுவரில் உருக்காட்டினர். பின்னர்ப் படச்சுருளை வெட்டிச் சட்டமிட்ட வில்லைகள் வந்தன. அவற்றைக் காட்டும் கருவி செய்வதைக் கோடாக் நிறுவனம் 2004ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. அதற்கு முன்னரே, 1987இல், ஃபோர்தாட் என்னும் சிறு நிறுவனம் மெக்கின்டாஷ் கணினிக்கென வெளியிட்ட பவர்பாயிண்ட் என்னும் மென்பொருளை அவ்வாண்டிலேயே மைக்ரோசாப்ட் நிறுவனம் விலைகொடுத்து வாங்கிற்று. 1990இல் விண்டோசுக்கு உரிய பதிப்பும் வந்தது. இன்று கண்ணாடியும் இல்லை, நழுவுதலும் இல்லை. பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. 'படவில்லை' என்னும் சொல்லையே இக்கட்டுரையில் ஆளுகின்றோம். அது முற்றும் பொருந்திய சொல் என்று யாம் வாதிடவில்லை.

இனி, எம் பிழையைக் கூறுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் முதுகலை மாணவர்க்குச் சங்கம் பற்றிய மரபுச் செய்திகளை ஆராயும் விரிவுரை ஒன்று நிகழ்த்தினோம். இறையனார் களவியல் உரை கூறும் முச்சங்க வரலாறே அதன் பொருள். ஒரு படவில்லையில் மூன்றே வரிகள் இருந்தன. தலைச்சங்கம் 4440 ஆண்டு, அரசர் 89 பேர். இடைச்சங்கம் 3700 ஆண்டு, அரசர் 59 பேர். கடைச்சங்கம் 1850 ஆண்டு, அரசர் 49 பேர். இவ்வளவே எழுதியிருந்தோம். இவ்வரிகளைத் திரையில் நிறுத்திவிட்டு மாணவரைக் கணக்குப் பார்க்கச் சொன்னோம். மூன்று ஆண்டுத்தொகையும் 37ஆல் மீதியின்றி வகுபடும். முதலாவது 120 மடங்கு, இரண்டாவது 100 மடங்கு, மூன்றாவது 50 மடங்கு. மூன்றையும் கூட்டின் 9990. அதுவும் 37இன் 270 மடங்கே. அரசர் தொகைகளோ மூன்றும் ஒன்பது என்னும் எண்ணில் முடிகின்றன. ஓர் அரசர்க்குச் சராசரியாக எத்தனை ஆண்டு ஆட்சி என்று வகுத்துப் பார்ப்பின், தலைச்சங்கத்தில் ஏறத்தாழ 50, இடைச்சங்கத்தில் 63, கடைச்சங்கத்தில் 38 என வருகின்றது. அறுபத்துமூன்று ஆண்டு ஆண்ட அரசர் ஒருவர் இருவர் இருத்தல் கூடும். தொடர்ந்து ஐம்பத்தொன்பதின்மர் அவ்வாறு ஆளுதல் கூடுமோ என்று ஒரு மாணவி வினவினார். இவ்வெண்கள் வரலாற்றுக் குறிப்பிலிருந்து வந்தனவல்ல, ஏதோ ஒரு வாய்பாட்டைக் கொண்டு அமைக்கப்பட்டன என்று கருதுதற்கு இடமுண்டு என அறிஞர் முன்னரே சுட்டியுள்ளமையை எடுத்துக்காட்டி வகுப்பை முடித்தோம். அன்றைய வகுப்பின் உயிர் 37 என்னும் எண்ணிலேதான் இருந்தது. அவ்வெண்ணோ படவில்லையில் இல்லை. கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டு, மறுநாள் அழிந்தது.

படவில்லைக் கோப்பு மட்டும் எம் இணையதளத்தில் ஏறியது.

ஈராண்டு கழித்து, வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்று மதிப்பீட்டிற்காக எம்மிடம் வந்தது. அதன் இரண்டாம் இயலில் முச்சங்கங்களும் 9990 ஆண்டு நடைபெற்றமை 'நிறுவப்பட்ட உண்மை' என்று எழுதப்பட்டிருந்தது. சான்று யாது என்று அடிக்குறிப்பை நோக்கினோம். ஆண்டு எம் பெயரும், எம் இணையதள முகவரியும், அப்படவில்லையின் வரிசை எண்ணும் பிழையின்றிக் கொடுக்கப்பட்டிருந்தன. யாம் மறுத்த கருத்துக்கு யாமே சான்றாக நின்றோம்.

அம்மாணவரைக் குறைகூற யாம் துணியோம். அவர் கண்டது ஒரு தமிழ் ஆசிரியர் தம் பெயரால் வெளியிட்ட பக்கம். அதில் கண்டது மூன்று எண்கள். எடுத்தவிடத்தை ஒளியாது காட்டினார். அவ்வளவில் அவர் செய்தது ஆய்வு நெறிக்கு ஒத்ததே. மூலநூலை நோக்கவில்லை என்னும் குறையை மதிப்பீட்டறிக்கையில் எழுதினோம். எம் குறையை எங்கே எழுதுவது?

பிறர் கொள்கையை எடுத்துக்கூறுதல் தமிழ் இலக்கண மரபில் நன்கு அறியப்பட்ட நெறியே. தொல்காப்பிய மரபியல் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் பிறன்கோட் கூறல் ஒன்று. நன்னூலார் எழுவகை மதங்களுள், பிறர் மதத்தை மேற்கொண்டு பின் அதனைக் களைதலை ஒன்றாக வைத்தார். இதில் இரண்டு செயல்கள் உள்ளன: கொள்ளுதல் ஒன்று, களைதல் மற்றொன்று. நூலில் இவ்விரண்டும் ஒரே ஓலையில் அடுத்தடுத்து நிற்கும். படவில்லைகொண்டு கற்பிக்கும் ஆசிரியரோ, கொள்ளுதலைத் திரைக்கும் களைதலைத் தம் வாய்ச்சொல்லுக்கும் பங்கிட்டுவிடுகின்றார். வகுப்பில் இருப்போர்க்கு இரண்டும் ஒன்றாகவே சேரும். இணையதளத்திற்கு வருவோர்க்குத் திரைப்பங்கு மட்டுமே கிட்டும்.

எம் பிழைக்கு இடமாயிருந்த நூலே இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாதல் வியப்பன்று எனின், பிறிது எது வியப்பு என்று யாம் அறியோம். இறையனார் களவியலின் அறுபது நூற்பாக்களும் செப்பேட்டில் எழுதப்பட்டு ஆலவாய்ப் பெருமானின் பீடத்தின்கீழ்க் கிடைத்தன என்று அவ்வுரை கூறுகின்றது. நூற்பா கிடைத்தது, உரை கிடைக்கவில்லை. புலவர் பலரும் தத்தமக்குத் தோன்றியவாறு உரை வகுத்தனர். எது மெய்யுரை எனத் தெளிதற்கு உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவனை அமர்த்தி, அவன் மெய்ம்மயிர் சிலிர்த்த உரையாகிய நக்கீரர் உரையையே மெய்யுரை எனக் கொண்டனர். அவ்வுரையும் பல தலைமுறை வாய்மொழியாக வழங்கி, முசிறி ஆசிரியர் நீலகண்டனாரை வந்தடைந்தது என்ப. இக்கதையின் வரலாற்று உண்மையை ஈண்டு ஆராய வேண்டுவதில்லை. மூலமும் உரையும் பிரிந்தால் என்ன நேரும் என்பதனை நம் முன்னோர் நன்கு எண்ணிப் பார்த்துள்ளனர் என்பதற்கு அதுவே போதும்.

நூற்பாவுக்கும் படவில்லைக்கும் ஒரு பெரு வேறுபாடு உண்டென்பதனையும் மறத்தலாகாது. நூற்பா தனித்து நிற்றற்கென்றே யாக்கப்பட்டது. அதன் சுருக்கம் நூலாசிரியன் எண்ணிச் செய்த சுருக்கம். படவில்லையின் சுருக்கமோ இடம் போதாமையாலும், கடைசி இருக்கையில் இருப்போர்க்கும் எழுத்துத் தெரியவேண்டும் என்னும் கட்டாயத்தாலும் நேர்ந்தது. எண்ணிச் சுருக்கிய நூற்பாவுக்கே உரை வேண்டுமாயின், நேர்ந்து சுருங்கிய படவில்லைக்கு அது வேண்டும் என்பது சொல்லாமலே அமையும்.

சுருக்கத்தால் நேரும் தீங்கு தமிழ் வகுப்பறையோடு நிற்பதன்று. அமெரிக்க விண்வெளி ஓடமாகிய கொலம்பியா 2003 பிப்ரவரி 1ஆம் நாள் சிதைந்து எழுவர் உயிரிழந்தனர். ஏவுதலின்போது கழன்ற நுரைக்கட்டி ஒன்று இடச்சிறகில் மோதியதே காரணம். ஓடம் விண்ணில் இருந்தபோதே பொறியாளர் அம்மோதலைப் பற்றிப் படவில்லைகள் ஆக்கி மேலோர்க்குக் காட்டியிருந்தனர். மோதிய கட்டியின் அளவு, முன்னர்ச் சோதனையில் ஆண்ட கட்டியினும் 640 மடங்கு பெரிது என்பது அதனுள் இருந்தது. ஆனால் அது படவில்லையின் அடிப்பகுதியில், சிறிய எழுத்தில், வெறும் அளவு எண்களாக ஒடுங்கிக் கிடந்தது. தலைப்போ அச்சமில்லை என்னும் எண்ணத்தைத் தோற்றுவித்தது. விசாரணைக் குழு அவ்வாண்டு வெளியிட்ட அறிக்கையில், முறையான ஆய்வறிக்கைகளுக்கு ஈடாகப் படவில்லைகளை ஆளும் வழக்கத்தைக் கண்டித்தது. எட்வர்டு டஃப்ட்டி என்னும் அறிஞரும் இப்படவில்லையை வரிவரியாக ஆராய்ந்து எழுதினார். எம் மூன்று வரிகளால் எவர் உயிர்க்கும் இடர் இல்லை. ஆயினும் நோய் ஒன்றே.

ஆகவே யாம் கைக்கொண்ட முதல் முறை, உரையின்றி எப்படவில்லையையும் வெளியிடாமை. பவர்பாயிண்டிலும் அதனை ஒத்த பிற மென்பொருள்களிலும் ஒவ்வொரு படவில்லைக்கும் அடியில் குறிப்பெழுதும் பகுதி ஒன்று உண்டு. பலர் அதனைத் தொடுவதேயில்லை. விரிவுரை நிகழ்ந்த அன்றோ மறுநாளோ, நினைவு மங்குமுன், வகுப்பில் சொல்லியவற்றை அப்பகுதியில் நான்கைந்து தொடர்களாக எழுதிவிடுகின்றோம். நன்னூலார் காண்டிகையுரைக்குச் சொல்லும் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்னும் ஐந்தும் இதற்கு நல்ல அளவுகோல். படவில்லைக்குக் காண்டிகையே போதும். விருத்தியுரை வேண்டுமாயின் கட்டுரையாகவே எழுதிவிடலாம். குறிப்பாக, மாணவர் கேட்ட வினாவை எழுதிவைத்தல் மிக்க பயன் தருகின்றது. மேற்கூறிய மாணவியின் வினா இப்போது அப்படவில்லையின் கீழ் உள்ளது.

ஒன்று நினைவில் இருத்தல் வேண்டும். கோப்பைப் பி.டி.எப். வடிவாக மாற்றும்போது 'குறிப்புப் பக்கங்கள்' என்னும் வகையைத் தெரிந்தெடுத்தாலன்றி இவ்வுரை வெளிவாராது. படவில்லை மட்டுமே வரும். உழைத்து எழுதிய உரை ஆசிரியரின் கணினியிலேயே தங்கிவிட்ட நிகழ்ச்சிகளை நண்பர் சிலரிடத்தும் கண்டோம். மற்றொரு கண்ணி, சொடுக்கச் சொடுக்கத் தோன்றும் வரிகள். வகுப்பில் முதலில் பிறர் கருத்துத் தோன்றும்; பின்னர் அது மறைந்து, அதே இடத்தில் மறுப்புத் தோன்றும். பி.டி.எப். கோப்பில் இயக்கம் இல்லை; இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகி எதுவும் படிக்க இயலாது போகும். இத்தகையவற்றை வெளியிடுமுன் இரு படவில்லைகளாகப் பிரித்தல் நன்று.

இவ்வாறு உரையெழுதுதற்குக் காலம் செல்லும். ஒருமணி நேர விரிவுரைக்கு முப்பது படவில்லை இருப்பின் உரையெழுத ஒரு முழுநாள் ஆகின்றது. ஆதலின் எல்லா விரிவுரைகளையும் வெளியிடும் ஆசையை யாம் விட்டுவிட்டோம். முன்னர் இருந்தவற்றுள் பாதிக்கு மேல் உரையின்மையால் புதிய பட்டியலில் இடம்பெறவில்லை. எண்ணிக்கை குறைந்தமை கண்டு மாணவர் சிலர் வருந்தினர். அவர்கள் வருத்தம் நியாயமானதே. தேர்வுக்கு முந்திய வாரத்தில் எவரும் உரையை எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது முறை பாயிரம் பற்றியது. பெரும்பாலான விரிவுரைக் கோப்புகளின் முதற் படவில்லையில் தலைப்பும் பெயரும் மட்டுமே உள்ளன. பலவற்றில் ஆண்டுகூட இல்லை. நன்னூலின் சிறப்புப்பாயிரம் வேண்டுவன பதினொன்று. நூலின் பெயர், செய்தார் பெயர், எப்பொருளை நுதலியது என்பன எவரும் எழுதுவன. எவ்வழியில் வந்தது என்பது, எவர் ஆய்வைத் தழுவியது என்று கூறுதல். நாம் அடிக்கடி விடுவது இதுவே. யாப்பு என்பதற்கு, இன்னது கற்றபின் இது கற்கத்தக்கது என்னும் இயைபை உரைகாரர் பொருளாகக் கூறுவர். தொடர்விரிவுரையில் இஃது எத்தனையாவது, இதற்கு முன்னையது யாது என்பதே அது. கேட்போர் யாவர், முதுகலை மாணவரா, புத்தொளிப் பயிற்சிக்கு வந்த ஆசிரியரா என்பது தெரியாவிடின், சொல்லாமல் விட்டவற்றை அறியாமையால் விட்டார் என்று படிப்போர் எண்ணுவர். எல்லை என்பது நூல் வழங்கும் நிலப்பரப்பைக் குறித்தது; இணையதளத்தில் வைத்தபின் அதற்கு எல்லை இல்லை ஆதலின், எப்பாடத்திட்டத்திற்கு ஆக்கப்பட்டது என்று யாம் எழுதிவருகின்றோம். பயனும், காலமும் களனும் காரணமும் சேர்ந்தால் பதினொன்றும் நிரம்பும். இவற்றுள் காலமே தலையாயது. கீழடி அகழாய்வு பற்றி 2016இல் ஆக்கிய படவில்லையும் 2020இல் ஆக்கியதும் ஒரே செய்தியைக் கூறா. 2019இல் தமிழகத் தொல்லியல் துறை கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்னும் காலக்கணிப்பை வெளியிட்டது. ஆண்டு குறிக்காத படவில்லையைக் காண்போர் இதனை எவ்வாறு அறிவர்?

இனி எழுத்துப் பற்றிய இடர்ப்பாட்டிற்கு வருவோம். இது தமிழர்க்கே உரிய துன்பம் என்று கூறினும் மிகையாகாது. ஆங்கிலத்தில் படவில்லை ஆக்குவோர் கோப்பை அனுப்பிவிட்டு உறங்குவர். தமிழாசிரியர்க்கு அப்பேறு நெடுங்காலம் இல்லை. 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொதிந்துவைத்த எழுத்துருக்களே அவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தொல்காப்பிய நூற்பா ஆங்கில எழுத்துக்களின் குப்பையாகத் தோன்றும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் அரசால் ஏற்கப்பட்டன. கணினித் தமிழன்பர் பலர் டிஸ்கி என்னும் குறியேற்றத்தை ஆண்டனர். ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி இருந்ததெனினும், நம் மேசைக் கணினிகளில் அது நன்கு இயங்கப் பல ஆண்டு ஆயிற்று. 2010ஆம் ஆண்டு கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த காலத்தில்தான் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் அனைத்து எழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை முதலில் பழைய குறியேற்றங்களில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. அத்தன்னார்வலர் செய்தது எளிய வேலையன்று. தம் பழைய விரிவுரைகளைக் கொண்டு இம்மாற்றத்தைச் செய்து பார்த்தோர்க்கே அதன் அருமை தெரியும்.

ஒருங்குறிக்கு மாறிவிட்டால் துன்பம் தீர்ந்தது என்று எண்ணலாகாது. ஒருங்குறி ஒலிமுறையில் எழுத்தைச் சேமிக்கும். 'தொ' என்பதில் முதலில் தகர மெய்யும் அகரமும் சேர்ந்த 'த', பின்னர் ஒகரக் குறி. ஆனால் கண்ணுக்குத் தோன்றும் முறை வேறு. ஒற்றைக்கொம்பு முன்னும், தகரம் நடுவும், கால் பின்னுமாக அது மூன்று துண்டாக வரையப்படும். பி.டி.எப். கோப்பு அடிப்படையில் வரைந்த வடிவங்களின் தொகுதி. அதிலிருந்து எழுத்தைத் திரும்ப எடுக்கும்போது பல கோப்புகளில் வரைந்த முறையிலேயே வருகின்றது. கொம்பு முந்தி, கால் பிரிந்து, தொல்காப்பியம் தொல்காப்பியமாக இராது போகின்றது. கண்ணால் காண்போர்க்கு இக்குறை தெரியாது. தேடுபொறிக்குத் தெரியும். 'தொல்காப்பியம்' என்று தேடுவோர்க்கு அக்கோப்பு அகப்படாது. கோப்பை வெளியிடுமுன், அதனைத் திறந்து, ஒரு வரியைப் படியெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால் இக்குறை உடனே வெளிப்படும். ஒரு நிமிட வேலை.

இதற்கு யாம் கண்ட தீர்வு, படவில்லைக் கோப்போடு அதன் எழுத்துப்பகுதியையும் உரையையும் வெறும் எழுத்தாக, இணையப்பக்க வடிவில் உடன்வைத்தல். தேடுவோர்க்கு அப்பக்கம் அகப்படும். அதிலிருந்து கோப்பை அடையலாம். இதனால் பிறிதொரு நன்மையும் விளைந்தது. கண்பார்வையற்ற மாணவர் திரைபடிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் படிக்கின்றனர். நூற்பக்கத்தை ஒளிப்படமெடுத்து ஒட்டிய படவில்லை அம்மென்பொருட்கு வெறும் படமே, அது வாய்திறவாது. கல்வெட்டுப் படமோ ஏட்டுப் படமோ ஒட்டினால், அதன் வாசகத்தையும் அருகில் எழுத்தாக இடுதல் நம் கடமை. எம் வகுப்பில் இருந்த மாணவர் ஒருவர் கேட்கும்வரை இது எமக்குத் தோன்றாமற் போனமை நாணத்தக்கதே.

பி.டி.எப். வடிவம் 1993இல் அடோபி நிறுவனத்தால் வெளியிடப்பட்டு, 2008இல் உலகத் தர அமைப்பின் தரமாயிற்று. நெடுங்காலம் காத்தற்கென 2005இல் வகுக்கப்பட்ட அதன் ஒரு வகை, எழுத்துருவைக் கோப்பினுள்ளேயே பொதிந்துவைக்கவேண்டும் என்று விதிக்கின்றது. தமிழ்க் கோப்புக்கு அதுவே ஏற்றது. படிப்போர்க்கு அதுவும், திருத்தி ஆள விரும்பும் ஆசிரியர்க்கு மூலக்கோப்பும் என இரண்டையும் வைக்கின்றோம். மூலக்கோப்பைக் கொடுத்தால் பிறர் தம் பெயரை இட்டுக்கொள்வர் என்று அஞ்சுவோர் உளர். இடுவோர் பி.டி.எப்.பைக் கொண்டும் இடுவர்.

எங்கே வைப்பது என்பது அடுத்த வினா. பொதுத் தளங்களில் வைத்தல் எளிது. ஆனால் அவற்றின் வாழ்வும் கைமாற்றமும் நம் கையில் இல்லை. 2006இல் தோன்றிய ஸ்லைடுஷேர் 2012இல் லிங்க்டுஇன் நிறுவனத்திற்கும் 2020இல் ஸ்கிரிப்டு நிறுவனத்திற்கும் கைமாறியது. எண்ணற்ற தனியார் பக்கங்களைத் தாங்கிய ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. பல்கலைக்கழகத் தளத்தில் ஆசிரியர்க்குரிய பக்கமும் அவர் ஓய்வுபெற்றபின் நிலைப்பது உறுதியன்று. ஆதலின் சொந்தப் பெயரில் பதிந்த தளமே மேல் என்று கருதுகின்றோம். ஆண்டுக்கட்டணம் கட்டத் தவறினால் அதுவும் போகும் என்பதனை மறவாமல். ஆய்வில் சான்றாகத்தக்க விரிவுரையாயின், 2013இல் ஐரோப்பிய அணு ஆய்வு மையத்தின் சார்பில் தொடங்கப்பட்ட செனோடோ போன்ற களஞ்சியத்திலும் ஒரு படி வைக்கலாம். அது படவில்லைகளையும் ஏற்று நிலையான எண் ஒன்று தருகின்றது. இணைய ஆவணகத்தில் பக்கத்தைப் பதியச்செய்தலும் எளிதே. ஏடுகள் ஒரே மடத்தில் இருந்து அழிந்தமையும், பல ஊர்களில் படிகள் இருந்தமையால் சில நூல்கள் பிழைத்தமையும் பதிப்பு வரலாறு கற்றோர்க்குப் புதிதல்ல.

உரிமை பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் பிறர் ஆக்கத்தைப் படியெடுத்தலுக்கு இடந்தருகின்றது. வகுப்பின் எல்லையைக் கடந்து உலகோர் எல்லார்க்கும் திறந்துவைத்தல் அவ்விலக்கினுள் அடங்கும் எனத் துணிதல் அரிது. நூலாசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்தவை பொதுவுடைமை. உ. வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தார். ஆகவே அவர் முன்னுரைகளும் குறிப்புகளும் 2003 முதல் எவரும் ஆளத்தக்கன. ஆனால் அப்பதிப்பைப் பின்னர் மீண்டும் வெளியிட்டோர் சேர்த்த புது முன்னுரைக்கு இது பொருந்தாது. ஏட்டுப் படங்களை அவ்வேட்டைக் காக்கும் நூலகத்தின் இசைவின்றி வைத்தல் முறையன்று. எம் படவில்லைகளுக்கு, 2002 முதல் வழக்கிலுள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களுள் பெயர்சுட்டுதலை மட்டும் வேண்டுவதனைத் தெரிந்துகொண்டோம். மாற்றம் செய்தலைத் தடுக்கும் உரிமமே பாதுகாப்பு என்று நண்பர் சிலர் கூறுவர். ஓர் ஊர்க் கல்லூரி ஆசிரியர் தம் மாணவர் தரத்திற்கேற்ப எம் படவில்லையைக் குறைத்தும் கூட்டியும் ஆளுதலே எமக்கு மகிழ்ச்சி தருவது. அதனைத் தடுத்துப் பெறும் பாதுகாப்பால் ஆவது யாது என எமக்கு விளங்கவில்லை.

இறுதியாக, திருத்தம் பற்றிய ஒரு செய்தி. எம் மூன்றுவரிப் படவில்லையை என் செய்வது என்று நெடிது எண்ணினோம். நீக்கிவிடல் எளிது, நீக்கினால் அவ்வாய்வேட்டின் அடிக்குறிப்பைப் பின்பற்றி வருவோர் வெற்றுப்பக்கத்தையே காண்பர், யாம் அவ்வாறு எழுதியதில்லை என்றும் எழுதியதுண்டு என்றும் எவரும் துணிய இயலாது. ஒன்றும் சொல்லாமல் மாற்றிவிடலும் நேர்மையன்று. அம்மாணவர் கண்டது வேறு, பின்னோர் காண்பது வேறு என்றாகி, அவர் பொய்யுரைத்தார் என்னும் பழி அவர்மேல் நிற்கும். ஆதலின் பழைய கோப்பை அதே முகவரியில், அதே பெயரில், மாற்றாமல் விட்டுவைத்தோம். அதற்கு மேலே, இது பிறர் கூற்றை எடுத்துரைத்த படவில்லை என்றும், மறுப்பு வாய்மொழியாகக் கூறப்பட்டு இதனுள் எழுதப்படாமற் போயிற்று என்றும், அப்பிழை எம்முடையது என்றும் நாளிட்டு எழுதி, உரையோடு கூடிய புதிய கோப்புக்கு இணைப்பும் கொடுத்தோம். அவ்வாய்வேட்டை எழுதியவர் பின்னர் எமக்குக் கடிதம் எழுதினார். நூலாக வெளியிடும்போது இரண்டாம் இயலைத் திருத்திக்கொண்டதாகவும், கடைச்சங்கத்து அரசர் நாற்பத்தொன்பதின்மர்க்குச் சராசரி 38 ஆண்டு என்பது மற்றை இரண்டையும் நோக்க நம்பத்தக்க அளவில் இருத்தலின், அப்பகுதியை மட்டும் தனித்து ஆராயலாகுமோ என்றும் அதில் வினவியிருந்தார். அவ்வினாவையும், அவர் இசைவு பெற்று, பெயரின்றி, அப்படவில்லையின் உரையில் சேர்த்துள்ளோம். விடை இன்னும் எழுதவில்லை.